சும்மா கிடக்கும் நிலமும் பூனைப்பருந்தும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் வேலைக்குப் போய்வருபவர்களிடம் "பருந்து பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டால், "தினமும்தான் பார்க்கிறோம்" என்பார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் கரும்பருந்து. கேன்டீன் கழிவு, கோழிக்கடைக் கழிவு எங்கே கொட்டப்படுகிறதோ அங்கே வட்டமடிக்கும். வால் நடுவில் கொஞ்சம் வெட்டினாற்போல இருக்கும். வருஷம் முழுக்க இருக்கும். நல்ல பறவைதான், ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியது இல்லை.

இன்னொரு பருந்து இங்கே வருகிறது. புரட்டாசி, ஐப்பசியில் வந்து பங்குனி வாக்கில் கிளம்பிவிடும். உயரத்தில் வட்டமடிப்பதை விட தரையை ஒட்டிப் பறப்பதுதான் அதிகம். புல்லுக்கு மேலே இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில், இறக்கைகளை ஆங்கில 'வி' எழுத்து மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு, இடமும் வலமும் லேசாகச் சாய்ந்து சாய்ந்து, ஏதோ தொலைத்ததைத் தேடுவது போலப் போகும். கண்ணுக்கு முன்னாலேயே இருந்தாலும் நாம் மேலே பார்ப்பதால் தவறவிட்டுவிடுவோம். இதுதான் பூனைப்பருந்து.

இந்தப் பறவை எங்கிருந்து வருகிறது, இங்கே என்ன சாப்பிடுகிறது, ஏன் குறைந்துகொண்டே வருகிறது என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க விஷயம் பறவையியலில் இருந்து நகர்ந்து வருவாய்த்துறைப் பதிவேட்டில் போய் நின்றது. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

யார் இவர்?

இந்தியாவுக்கு ஆறு வகைப் பூனைப்பருந்துகள் வருகின்றன. தமிழ்நாட்டில் நாம் எதிர்பார்க்கக்கூடியவை முக்கியமாக மூன்று. ஏரி, சதுப்பு நிலம் பக்கம் வரும் சேற்றுப் பூனைப்பருந்து. வறண்ட புல்வெளி, அறுவடை முடிந்த வயல் பக்கம் வரும் வெளிறிய பூனைப்பருந்து, மாண்டேகு பூனைப்பருந்து.

சேற்றுப் பூனைப்பருந்து கொஞ்சம் பெரியது. பெண் பறவை அடர் பழுப்பு, தலை மட்டும் வெண்ணெய் நிறம். பள்ளிக்கரணையிலும் செம்பரம்பாக்கத்திலும் குளிர்காலத்தில் பார்க்கலாம். ஏரியில் அமைதியாக மேய்ந்துகொண்டிருக்கும் நாமக்கோழிகளும் வாத்துகளும் திடீரென்று ஒட்டுமொத்தமாக எழும்பினால், தூரத்தில் இது வருகிறதா என்று தேடுங்கள். பல சமயம் வந்துகொண்டிருக்கும்.

மற்ற இரண்டும் மெலிந்த உடல்வாகு. ஆண் பறவை சாம்பல் வெள்ளை, இறக்கை நுனி மட்டும் கறுப்பு. பெண்ணும் இளம் பறவையும் பழுப்பு, வால் தொடங்கும் இடத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பட்டை. வெளிறியதையும் மாண்டேகுவையும் பிரித்தறிவது பழகியவர்களுக்கே சிரமம், நாம் அதற்குள் போக வேண்டாம்.

ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிடலாம். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும், அந்தரத்தில் ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கும் வெள்ளைச் சாம்பல் பறவை கருந்தோள் பருந்து. அது நம்ம ஊர் ஆள். பூனைப்பருந்து கம்பியில் உட்காருவது அபூர்வம். களைத்தால் தரையில் உட்காரும், வரப்பில் உட்காரும், மண்கட்டி மேல் உட்காரும். இரவும் தரையில்தான். இந்த ஒரு பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பின்பாதி முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

எடை காக்கா அளவுதான்

மாண்டேகு ஆண் பறவையின் எடை சுமார் 260 கிராம், பெண் 370 கிராம். நம்ம ஊர்க் காகமும் ஏறக்குறைய இதே எடைதான். ஆனால் பூனைப்பருந்தின் இறக்கை விரிப்பு ஒரு மீட்டருக்கும் மேல். காகத்தை விட நன்றாகவே நீளம். எடை குறைவு, இறக்கைப் பரப்பு அதிகம் என்றால் மெதுவாகப் பறந்தாலும் கீழே விழாது. ஸ்கூட்டரை நடக்கும் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், ஆடும். பூனைப்பருந்து ஆடாமல் மெதுவாகப் போவதற்கென்றே அமைந்த உடல்.

மெதுவாகப் போவது எதற்கு? கேட்பதற்கு.

பூனைப்பருந்தின் முகத்தை நெருக்கத்தில் எடுத்த படம் கிடைத்தால் பாருங்கள். ஆந்தை மாதிரி வட்டமான இறகுத்தட்டு இருக்கும். ஒலியைச் சேகரித்துக் காதுக்கு அனுப்பும் தட்டு அது, டிஷ் ஆன்டெனா வேலை. வில்லியம் ரைஸ் என்ற ஆய்வாளர் வட அமெரிக்கப் பூனைப்பருந்துகளை வைத்துச் செய்த சோதனை 1982ல் வெளியானது. புல்லுக்குள் சிறிய ஒலிபெருக்கியை மறைத்து வைத்து எலியின் கீச்சொலியை ஒலிக்கவிட்டார். கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலையிலும் பறவை சரியான இடத்தில் பாய்ந்தது. கிடைமட்டத்தில் சுமார் 2 டிகிரி துல்லியம், கிட்டத்தட்ட ஆந்தைக்கு இணை.

2 டிகிரி என்றால் எவ்வளவு? மூன்று மீட்டர் தூரத்தில் 2 டிகிரி என்பது சுமார் 10 சென்டிமீட்டர், அதாவது அதன் விரித்த காலுக்குள் அகப்படும் அளவு. பத்து மீட்டர் உயரம் போனால் பிழை 35 சென்டிமீட்டர் ஆகிவிடும், எலி தப்பித்துவிடும். அது ஏன் தாழப் பறக்கிறது என்பதற்கு இந்தச் சின்னக் கணக்கே பாதி விடை சொல்லிவிடுகிறது. மீதிப் பாதி, எதிர்பாராமல் போய் நிற்பது. புல்லின் மறைவில் தாழ வந்தால் இரைக்குக் கடைசி நொடி வரை தெரியாது. பூனைப்பருந்து என்ற பெயர் ரொம்பப் பொருத்தம்.

அங்கே எலி, இங்கே வெட்டுக்கிளி

வெளிறிய பூனைப்பருந்து, மாண்டேகு இரண்டும் ரஷ்யா, கஜகஸ்தான் புல்வெளிகளில் குஞ்சு பொரிப்பவை. மாண்டேகு ஐரோப்பாவிலும் பரவலாக உண்டு. வடக்குக் கஜகஸ்தானில் நௌர்சூம் என்றொரு புகழ்பெற்ற காப்பகம் இருக்கிறது. அங்கிருந்து ஒரகடத்துக்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 4,500 கி.மீ. வருகிறது. பறவை நேர்கோட்டில் வராது, எனவே உண்மையில் இன்னும் அதிகம்.

கழுகு மாதிரி பெரிய பறவைகள் வெயிலில் எழும் வெப்பக்காற்றில் ஏறி, மிதந்து மிதந்து போகும். கடலுக்கு மேல் அந்தக் காற்று கிடைக்காது, அதனால் அவை கடலைத் தவிர்க்கும். பூனைப்பருந்துக்கு அந்தக் கட்டாயம் குறைவு. அது இறக்கையடித்தே நெடுந்தூரம் போகும். குறுகலான ஒரே பாதையில் குவியாமல் அகலமாகப் பரவி வரும். அதனால்தான் "இந்த மலைக்கணவாயில் நின்றால் ஆயிரக்கணக்கில் எண்ணலாம்" என்பது போன்ற காட்சி இதற்கு அவ்வளவாகக் கிடைப்பதில்லை. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இப்போது உணவு. குஞ்சு பொரிக்கும் இடத்தில் வயல் எலி மாதிரியான சிறு கொறிவிலங்குகள் முக்கியமான இரை. எலி பெருகிய ஆண்டில் குஞ்சுகளும் பெருகும். எலி இல்லாத ஆண்டில் வெளிறிய பூனைப்பருந்து அந்த இடத்தையே விட்டுவிட்டு வேறு இடம் தேடிப் போய்விடும். 2017ல் நெதர்லாந்தில் ஒரு சோடி வந்து கூடு கட்டியது, அதுவரை அந்த நாட்டில் நடந்திராத விஷயம். அவ்வளவு தூரம் அலையக்கூடிய பறவை.

குளிர்காலத்தில் மெனு மாறுகிறது. ரோஜர் கிளார்க் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1990களில் குஜராத்தின் வேளாவதார் பூங்காவில் ஆய்வு செய்தார். உலகிலேயே பூனைப்பருந்துகள் மிக அதிகமாகக் கூடித் தங்கும் இடங்களில் அது ஒன்று. பருந்து தான் செரிக்க முடியாத மயிர், எலும்பு, பூச்சி ஓடு ஆகியவற்றை உருண்டையாக்கி வாய்வழியே கக்கிவிடும். தங்குமிடத்தில் கிடக்கும் உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தால் முந்தின நாள் சாப்பாடு என்ன என்று தெரிந்துவிடும். அங்கே பிரித்துப் பார்த்ததில் வெட்டுக்கிளி வகைகளுக்கு முக்கிய இடம் இருந்தது. கூடவே சிறு பறவைகள்.

ஆப்பிரிக்காவிலும் இதே கதை. சகாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் புல்வெளியில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஐரோப்பிய மாண்டேகு பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தார்கள். 2013ல் வெளியான அந்த ஆய்வின்படி, அவை ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. மழை முடிந்து புல் காயக் காய, பசுமை தெற்கே நகர்கிறது, வெட்டுக்கிளி அதன் கூடவே நகர்கிறது, பருந்தும் பின்னாலேயே போகிறது.

நம்ம ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்து மார்கழி வரை. மேய்ச்சல் நிலங்களில் புல் கிளம்புகிறது, வெட்டுக்கிளி பெருகுகிறது. தை மாதம் சம்பா அறுவடை. வைக்கோல் தாள் நிற்கும் வயலில் பூச்சி, எலி, தானியம் பொறுக்க வரும் வானம்பாடி, நெட்டைக்காலி, காடை. பிறகு ஏரித் தண்ணீர் பின்வாங்க, கரையோரம் புதிதாகப் புல் முளைக்கிறது. பங்குனி வெயிலில் எல்லாம் காய்ந்து முடிகிறபோது பறவை கிளம்பிவிடுகிறது. ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்த பழைய செங்கல்பட்டுச் சீமையின் நீர்க் காலண்டரும் இந்தப் பறவையின் காலண்டரும் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்துகின்றன.

ஒரு தோராயக் கணக்கு

300 கிராம் எடையுள்ள பருந்துக்கு ஒரு நாளைக்குத் தன் எடையில் கால் பங்கு உணவு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், 75 கிராம். ஒரு வெட்டுக்கிளி ஒன்றரை கிராம் என்றால் நாளைக்கு 50. பறவை இங்கே இருப்பது சுமார் 150 நாள். ஒரு பறவை, ஒரு சீசன், 7,500 வெட்டுக்கிளி. நூறு பறவைகள் கூடும் ஓர் இடம் என்றால் ஏழரை லட்சம். எலியும் குருவியும் ஓணானும் சாப்பிடும் என்பதால் உண்மை எண்ணிக்கை குறைவாக இருக்கும். இது என் கணக்குதான், ஆய்வு முடிவு இல்லை. ஆனாலும் ஒரு அளவு பிடிபடுகிறது இல்லையா?

இந்தக் கணக்கை விவசாயிக்குக் கிடைக்கும் லாபமாகச் சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அதன் மறுபக்கம்தான் முக்கியமாகப் படுகிறது. நாளைக்கு 50 என்றால், பத்து மணி நேர வேட்டையில் 12 நிமிடத்துக்கு ஒன்று, நாள் தவறாமல். பிடிப்பதை விடத் தவறவிடும் பாய்ச்சல்கள் அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புல்லில் வெட்டுக்கிளி பாதியாகக் குறைந்தால், அதே 50ஐப் பிடிக்க இரண்டு மடங்கு நேரம் பறக்க வேண்டும். அவ்வளவு பகல் வெளிச்சம் கிடையாது. வெட்டுக்கிளி முழுசாக அழிய வேண்டியதே இல்லை, ஒரு அளவுக்குக் கீழே இறங்கினாலே பறவைக்குக் கட்டுப்படியாகாது. மேலும் அது பங்குனியில் 4,500 கி.மீ. திரும்பிப் போக வேண்டிய பறவை. பயணத்துக்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்க வேண்டும்.

அர்ஜென்டினா சொன்ன பாடம்

வெட்டுக்கிளி தின்னும் வலசைப் பருந்துக்கு என்ன ஆபத்து வரலாம் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. வட அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் குஞ்சு பொரிக்கும் ஸ்வைன்சன் பருந்து, அங்கே அணில், எலி தின்கிறது, குளிர்காலத்தில் அர்ஜென்டினாவின் பாம்பா சமவெளிக்குப் போய் வெட்டுக்கிளி தின்கிறது. நம்ம பூனைப்பருந்து மாதிரியே இரட்டை வாழ்க்கை.

1990களில் சில பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அவை போகும் இடத்தைத் தேடிப் போனார்கள். 1995ல் லா பாம்பா மாகாணத்தில் வயல்களிலும் மரத்தடியிலும் நூற்றுக்கணக்கில் செத்துக் கிடந்த பருந்துகளைக் கண்டார்கள். அடுத்த சீசனில், 1995–96ல், எண்ணிய சடலங்கள் மட்டும் சுமார் 5,000. மொத்தம் 20,000 வரை இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. காரணம் மோனோகுரோட்டோபாஸ். வெட்டுக்கிளிக்கு அடித்த மருந்து, அதைத் தின்ற பருந்துக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அங்கே அந்த மருந்தின் பயன்பாடு நிறுத்தப்பட்டது.

மோனோகுரோட்டோபாஸ் நமக்கு அந்நியமான பெயர் இல்லை. இந்தியாவில் 2005ல் காய்கறிப் பயிர்களுக்கு மட்டும் தடை வந்தது, மற்ற பயிர்களுக்குப் பல வருஷம் புழக்கத்தில் இருந்தது. ஆயிரக்கணக்கான பருந்துகள் ஒரே இடத்தில் விழுந்தால் செய்தியாகிறது. அகலமாகப் பரவி வாழும் பறவை அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தால் நாய் இழுத்துப் போய்விடும், யாருக்கும் தெரியாது.

இரவு எங்கே?

பகல் சாப்பாடு பற்றிப் பேசியாயிற்று. இப்போது அந்தத் தரைப் பழக்கத்துக்கு வருவோம்.

மாலையில் பூனைப்பருந்துகள் ஒரு குறிப்பிட்ட புல்வெளிக்கு ஒவ்வொன்றாக வந்து சேரும். சூரியன் மறையும் நேரத்தில் தாழ வட்டமடித்து, முழங்கால் உயரப் புல்லுக்குள் திடீரென்று இறங்கி மறைந்துவிடும். ஒரே இடத்தில் பத்து இருக்கலாம், நூறு இருக்கலாம், வேளாவதார் மாதிரி இடத்தில் அதற்கும் மேல். விடிந்ததும் கிளம்பிச் சுற்றுவட்டார வயல்களுக்குப் போய்விடும். சேற்றுப் பூனைப்பருந்து இதையே ஏரிக் கோரைக்குள், சம்புக்குள் செய்யும்.

இங்கே எஞ்சினியர் புத்தி கொஞ்சம் வேலை செய்கிறது. இந்தப் பறவையின் குளிர்காலத்தை ஒரு பெருக்கல் கணக்காகப் பார்க்கலாம்: பகல் உணவு பெருக்கல் இரவுத் தரை. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடை பூஜ்யம். சுற்றிலும் எவ்வளவு வெட்டுக்கிளி இருந்தாலும், நாய்த் தொல்லையும் தீயும் இல்லாத புல்தரை பறந்து போய்வரும் தூரத்துக்குள் இல்லாவிட்டால் அந்தப் பகுதி முழுக்க வீண். வேளாவதார் பூங்காவின் பரப்பு சுமார் 34 சதுர கி.மீ.தான். அந்தச் சின்னத் தரை பாதுகாப்பாக இருப்பதால் அதைச் சுற்றியுள்ள விவசாய நிலங்களும் பருந்துக்குப் பயன்படுகின்றன.

இப்படிக் கூடித் தங்குவதால் எண்ணுவது எளிது. மாலையில் ஒரு இடத்தில் நின்று எண்ணினால் ஒரு வட்டாரத்தின் கணக்கே கிடைத்துவிடும். அசோகா சூழலியல் ஆய்வு அறக்கட்டளையைச் சேர்ந்த டி. கணேஷ் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார். ஆந்திராவில் ஏழு குளிர்காலங்கள் எண்ணிய கணக்கு 2000ல் வெளியானது. பிறகு அவரும் எம்.பி. பிரசாந்தும் நாடு முழுக்கக் கிடைத்த தங்குமிடக் கணக்குகளைத் தொகுத்து 2018ல் வெளியிட்டார்கள். 30 ஆண்டுகளில் எண்ணிக்கை சரிந்திருக்கிறது என்பதே அதன் சாரம். 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் பதிவுகளை வைத்து 2023ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும், புல்வெளி போன்ற திறந்தவெளிப் பறவைகள் வேகமாகக் குறைவதாகச் சொல்கிறது. வெளிறிய பூனைப்பருந்து ஏற்கெனவே உலக அளவில் அச்சுறு நிலையை அண்மித்த இனம் என்ற பட்டியலில் இருக்கிறது.

பதிவேட்டில் என்ன பெயர்?

சரி, அந்த முழங்கால் உயரப் புல் இருக்கும் நிலத்துக்கு நம் ஆவணங்களில் என்ன பெயர்?

கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேடு இருக்கும். நஞ்சை, புஞ்சை, நத்தம் எல்லாம் வரும். அதற்குப் பிறகு தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு. நிலவரி வசூலுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் வகுத்த பிரிவுகளின் தொடர்ச்சி இது. வரி தராத நிலம் வீண் நிலம் என்பது அதன் அடிப்படை. அந்தச் சிந்தனை இன்னும் போகவில்லை. 2000லிருந்து மத்திய அரசு வெளியிட்டுவரும் நாடு தழுவிய நிலப்பட அட்டவணைக்கே தரிசு நில அட்லஸ் என்றுதான் பெயர். புல்வெளி என்ற ஒன்றை ஒரு வாழிடமாக எழுத நம் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

எனவே ஒரு தொழிற்பேட்டைக்கு இடம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது இந்த நிலம்தான். காடு என்றால் வனத்துறை கேட்கும். நஞ்சை என்றால் விவசாயி கேட்பார். குடியிருப்பு என்றால் ஊரே கேட்கும். "சும்மாதானே கிடக்கு" என்ற நிலத்துக்கு யாரும் கேட்க மாட்டார்கள். ஆடு மாடு மேய்ப்பவர் கேட்பார், அவர் குரல் மேலே எட்டாது.

நான் இந்தத் தொழிற்பேட்டைகளுக்கு எதிராக எழுதவில்லை. என் சம்பளமே இந்தச் சாலையில் இருந்துதான் வருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1990களில் தொடங்கி ஒரகடம் வரை வந்த கார் தொழிற்சாலைகளால் இரண்டு தலைமுறைக்கு வேலை கிடைத்திருக்கிறது. நான் சொல்ல வருவது, நிலம் கொடுத்ததில் ஒரு செலவு கணக்கிலேயே எழுதப்படவில்லை என்பதுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கையகப்படுத்தி, வேலி போட்டு, இன்னும் கட்டடம் எழும்பாமல் கிடக்கும் மனைகளில் புல் அருமையாக வளர்கிறது. வேலி இருப்பதால் ஆடு, மாடு, ஆள் நடமாட்டம் குறைவு. அப்படிப்பட்ட மனைகளின் மேல் பூனைப்பருந்து தாழப் பறந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குத் தெரியாது, அது தற்காலிகப் புல்வெளி என்று. அடுத்த ஐப்பசிக்கு 4,500 கி.மீ. கடந்து வந்து இறங்கினால் அங்கே கான்கிரீட் இருக்கும்.

இன்னொரு சிக்கல் நல்லெண்ணத்தில் இருந்து வருகிறது: மரம் நடுவது. தொழிற்சாலை வளாகத்தில் மூன்றில் ஒரு பங்கு பசுமையாக இருக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் அனுமதிகளில் நிபந்தனை வைப்பது வழக்கம். 2022ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கும் 33 விழுக்காடு மரப்போர்வை. சாலையோரம், வீட்டு மனை, காடழிந்த இடம் என்றால் தாராளமாக நடலாம். திறந்த புல்வெளியில் நெருக்கமாக மரம் நட்டால் தாழப் பறக்கும் பருந்துக்கு அது ஒரு சுவர். பசுமை கூடியது, புல்வெளி போயிற்று. அறிக்கையில் முதல் வரி மட்டும் வரும்.

கொலைகாரன் இல்லாத இழப்பு

நாகாலாந்தின் அமூர் வல்லூறு கதையை நிறைய பேர் கேட்டிருப்பீர்கள். சைபீரியா, வடசீனத்தில் இருந்து ஆப்பிரிக்கா போகும் வழியில் தோயாங் நீர்த்தேக்கம் அருகே ஈசல் தின்ன லட்சக்கணக்கில் இறங்கும் பறவை. 2012ல் அங்கே வலை விரித்து ஒரே சீசனில் ஒரு லட்சத்துக்கும் மேல் பிடித்துக் கொல்கிறார்கள் என்று வெளியே தெரிந்தது. உலகமே பதறியது. ஊர்சபைகள், தேவாலயம், வனத்துறை, ஆர்வலர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த ஆண்டே, 2013ல், பங்தி கிராமத்தில் வலை விரிக்கவில்லை. மனிதர்கள் ஓராண்டில் இவ்வளவு மாற முடியும் என்பதற்கு அருமையான உதாரணம்.

பூனைப்பருந்து விஷயத்தில் அந்த வழி இல்லை. இங்கே வலை கிடையாது, கொல்பவர் கிடையாது, நிறுத்தச் சொல்ல ஆள் கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவையின் உயிரைக் காக்கிறது. வலசை வரும் இரைகொல்லிப் பறவைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் 2016ல் இந்தியா கையெழுத்திட்டிருக்கிறது. இரண்டுமே தேவைதான். ஆனால் பறவை இங்கே சாகவே இல்லையே! ஒரு வருஷம் வந்து பார்த்து, தரை இல்லை என்று போய்விடுகிறது. அடுத்த வருஷம் வருவதில்லை. பிணம் இல்லாத இடத்தில் வழக்கு இல்லை.

அப்போ என்னதான் செய்யறது?

பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. செய்யக்கூடியவையாக எனக்குத் தோன்றுவது நான்கு.

முதலாவது, வளாகத்தில் பசுமைப் பகுதிக்குப் பொறுப்பானவர்கள் யாராவது இதைப் படித்தால், அதில் ஒரு பங்கைப் புல்லாகவே விட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். செலவு மிச்சம். மாசி முடியும் வரை வெட்டாமல், கொளுத்தாமல் விட்டால் போதும்.

இரண்டாவது, ஏரி தூர்வாரும்போது கரையோரக் கோரையையும் புல்லையும் முழுக்க வழித்தெடுத்துச் சுத்தமாக்குவதைத்தான் நல்ல வேலை என்று நினைக்கிறோம். ஒரு பக்கத்தையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கிராமசபையில் கேட்கலாம்.

மூன்றாவது, எண்ணுவது. ஒரு நிலத்துக்கு மதிப்பு உண்டு என்று காட்ட நம்மிடம் இருக்கும் ஒரே சான்று எண்ணிக்கை. ஐப்பசி முதல் மாசி வரை மாலை ஐந்து மணிக்கு மேல், தொழிற்பேட்டையை ஒட்டிய புல்வெளி, அறுவடை வயல், ஏரியின் காய்ந்த பகுதி, இப்படி ஏதாவது ஓரிடத்தில் முக்கால் மணி நேரம் நில்லுங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது. தாழப் பறக்கிறதா, இறக்கை மேல்நோக்கி மடிந்திருக்கிறதா, வாலடியில் வெள்ளைப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். எந்த வகை என்று தெரியாவிட்டால் வெறுமனே 'பூனைப்பருந்து' என்று ஈபேர்டில் பதிவு செய்யலாம், அதற்கு வசதி உண்டு. எதுவும் வராத நாளையும் பதிவு செய்யுங்கள். பூஜ்யமும் ஒரு தரவுதான்.

நான்காவது, தங்குமிடம் ஒன்றைக் கண்டுபிடித்தால் துல்லியமான இடத்தை சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். படம் எடுக்க நாலு கார் வந்து புல்லுக்குள் இறங்கினால், தரையில் தூங்கும் பறவை அன்றிரவே கிளம்பிவிடும். எண்ணுபவர் புல்லுக்குள் போகவே கூடாது, சாலையோரத்தில் இருந்தே எண்ணலாம்.

வல்லம், ஒரகடம், பிள்ளைப்பாக்கம் பக்கம் யாராவது பழைய குறிப்புகள் வைத்திருந்தால், அதாவது தொழிற்சாலைகள் வருவதற்கு முன்னால் அங்கே மாடு மேய்த்தவர்கள், விவசாயம் பார்த்தவர்கள் சொன்ன நினைவுகள் இருந்தால், எழுதுங்கள். "புல்லுக்கு மேல தடவிக்கிட்டே போகும் ஒரு பருந்து" என்று கேட்டால் வயதானவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். எந்த ஏரி, எந்த மாதம், எத்தனை இருக்கும் என்ற மூன்று விவரம் கிடைத்தாலே போதும். இன்றைய கணக்கை எதோடு ஒப்பிடுவது என்பதற்கு இந்தப் பகுதியில் நமக்குக் கிடைக்கக்கூடிய பழைய அளவுகோல் அவர்கள்தான்.